பூசணம் பூத்த பயறு! இருபதே நிமிடத்தில் பிரட்டல்!

சாயங்காலம் மணி ஆறு.

ஜாவா தீவில் மலாங் நகரம். ஆலை விட்டு வீடு திரும்புகிறாள் ஒரு பெண். காலையில் இருந்து நின்று நின்று கால் கடுக்கிறது. வீட்டில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் பசியோடு இருப்பார்கள். கறி வாங்கக் கையில் காசு இல்லை. காசு இருந்தாலும், கறியைக் கழுவி, வெட்டி, வேக வைக்க நேரம் இல்லை.

அவள் என்ன செய்கிறாள்?

தெருமுனைக் கடையில் நிற்கிறாள். வாழை இலையில் சுற்றிய ஒரு கட்டியை வாங்குகிறாள். ஒரு பிடி காராமணிக்காய், நாலு மிளகாய் வாங்குகிறாள். வீட்டுக்குப் போய் அரிசியை அடுப்பில் வைக்கிறாள். அரிசி சோறாகும் முன்பே கறி தயார்!

அந்த வாழை இலைக் கட்டிக்குப் பெயர், தெம்பே.

பணக்கார நாடுகளில் இன்று இதை "ஆரோக்கிய உணவு" என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். அங்கே விலையும் அதிகம், பேச்சும் அதிகம். ஜாவாவில் இது ஏழை வீட்டுக் கறி. அந்த ஏழை வீட்டுப் பெண்ணின் கைப்பக்குவத்தில்தான் தெம்பேயின் ருசி இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு வேஷம் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

"குப்பையிலே போடு!"

தெம்பே என்றால் என்ன?

சோயா மொச்சையில் செய்வது. மொச்சையை ஊற வைத்து, வேக வைத்து, தோலை நீக்குகிறார்கள். நீரை வடித்து, ஈரம் போக உலர்த்துகிறார்கள். அதோடு ஒரு வித்தைக் கலக்கிறார்கள். அது ஒரு வகைப் பூசணத்தின் வித்து. 'ரைசோபஸ்' என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். ஜாவாக்காரர்கள் அந்த வித்தை 'ராகி' என்கிறார்கள். நம் கேழ்வரகுக்கும் இந்த ராகிக்கும் சம்பந்தம் இல்லை!

கலந்ததை இலையில் பொதிந்து வைத்தால், ஒரு நாளில் அல்லது இரண்டு நாளில் வெள்ளை வெளேர் என்று பஞ்சு போலப் பூக்கிறது. அந்தப் பஞ்சு நூல்கள் ஒவ்வொரு பயறையும் சுற்றிப் பின்னி, எல்லாவற்றையும் ஒரே பலகையாகக் கட்டி விடுகின்றன. கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாக வருகிறது. உதிர்வது இல்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்குத் தெம்பே புதிது அல்ல. அங்கே சந்தையில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் தெம்பேயும் இருக்கும். ஊரில் இருந்து வரும் உறவினருக்குத்தான் திகைப்பு.

கிள்ளானில் ஒரு தமிழர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனைப் பார்க்கத் தஞ்சாவூரில் இருந்து தாயார் வந்து இருக்கிறார். அடுக்களையில் எட்டிப் பார்க்கிறார்.

"என்னம்மா இது, பூசணம் பிடிச்சுக் கிடக்கு! குப்பையிலே போடாமே உட்கார்ந்து வெட்டுறியே!"

"பூசணந்தான் அத்தை. அதுக்குத்தான் காசு கொடுத்து வாங்கினேன்!" என்கிறாள் மருமகள்.

மாமியாருக்கு எப்படி இருக்கும்?

அவர் மீது குற்றம் இல்லை. பூசணம் கண்டால் தூக்கி எறி என்றுதான் அவரை வளர்த்தார்கள். அது நல்ல பழக்கந்தான். ஆனால் அதே மாமியார் காலையில் புளித்த மாவில் இட்லி ஊற்றுகிறார். உறை ஊற்றிய பாலைத் தயிராக்கிச் சாப்பிடுகிறார். அங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் வேலை செய்கின்றன. தெம்பேயில் வேலை செய்கிற உயிர் கண்ணுக்குத் தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நல்ல தெம்பே எது, கெட்ட தெம்பே எது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். வெள்ளையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். முகர்ந்தால் காளான் வாசனை வர வேண்டும். காற்றுப் பட்ட இடத்தில் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ சிறு புள்ளி இருந்தால் பயம் இல்லை. பூசணம் முற்றியதன் அடையாளம் அது. பச்சை, நீலம், ரோஜா நிறம் தெரிந்தாலும், தொட்டால் வழுவழு என்று பிசுபிசுத்தாலும், மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடித்தாலும், மாமியார் சொன்னதே சரி. குப்பைத் தொட்டிதான்!

சட்டியில் நடப்பது என்ன?

இனி அந்த மலாங் பெண்ணின் அடுக்களைக்குப் போவோம்.

நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கால் கிலோ தெம்பே போதும். அதை விரல் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும். தடியாக வெட்டினால் வெளியே முறுகும், உள்ளே சப்பென்று இருக்கும். "எனக்குத் தெம்பே பிடிக்காது" என்று சொல்கிறவர்களில் பலர் இப்படித் தடித்தடியாக வெட்டி, அரைகுறையாக வறுத்ததைத் தின்றவர்கள்தான்.

மூன்று பல் பூண்டையும் ஒரு சிறு கரண்டி கொத்தமல்லி விதையையும் உப்போடு நசுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் கரைக்க வேண்டும். வெட்டிய துண்டுகளை அதில் போட வேண்டும். ஐந்து நிமிடம் ஊறினால் போதும். தெம்பேக்கு என்று தனியாகப் பெரிய ருசி கிடையாது. கொட்டைப் பருப்பை மென்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கொடுத்ததை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கட்டி கொஞ்சம் கசந்தால், ஊறப் போடும் முன்பு பத்து நிமிடம் ஆவியில் வைத்து எடுக்கலாம். அன்றைக்குப் பொதி அவிழ்த்த புதுத் தெம்பேக்கு இது தேவை இல்லை.

அது ஊறும் நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. எட்டுச் சின்ன வெங்காயத்தையும் மூன்று சிவப்பு மிளகாயையும் அரிய வேண்டும். இன்னும் இரண்டு பல் பூண்டு வேண்டும். பேரரத்தையில் ஒரு விரற்கடை நீளம் எடுத்து, நறுக்காமல் தட்டி மட்டும் வைக்க வேண்டும். நம் ஊரில் மருந்துக் கடையில் கிடைக்கும் பேரரத்தை, ஜாவாவில் அன்றாடக் கறிக்குப் போடும் சரக்கு. ஒரு பிடி காராமணிக்காயை விரல் நீளத்துக்கு ஒடிக்க வேண்டும். மலேசியாவில் இதையே பயத்தங்காய் என்கிறார்கள்.

சட்டி நன்றாகக் காய வேண்டும். நாலு கரண்டி எண்ணெய் ஊற்ற வேண்டும். தெம்பேத் துண்டுகளைத் தண்ணீர் ஒட்ட வடித்துப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்!

போட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்றே. சும்மா இருப்பது!

பலருக்கு இது முடிவது இல்லை. கரண்டியை வைத்துக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். துண்டுகள் உடையும், எண்ணெயைக் குடிக்கும், முறுகாது. இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் விட்டால், அடிப்பக்கம் பொன் நிறமாகும். பிறகு ஒரே ஒரு முறை திருப்பிப் போட்டால் போதும். இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

மீதி எண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாய், பேரரத்தை. வாசனை கிளம்பியதும் காராமணிக்காய். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூன்று நாலு நிமிடம் புரட்டினால் போதும். காய் குழையக் கூடாது. கடித்தால் 'நறுக்' என்று இருக்க வேண்டும். நம் வீடுகளில் காயை வேக வைத்து வேக வைத்து உயிரை எடுத்து விடுகிறோம். அந்தப் பழக்கத்தை இந்தச் சட்டியில் காட்ட வேண்டாம்.

கடைசியில் வறுத்த தெம்பேயைத் திரும்பக் கொட்டி, இரண்டு கரண்டி இனிப்புக் கிச்சாப் விட வேண்டும். சோயாவில் செய்து, பனை வெல்லம் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய கறுப்புச் சாறு அது. அது கிடைக்காத ஊரில் சாதாரண சோயா சாஸும் ஒரு துண்டு கருப்பட்டியும் போதும். சாறு துண்டுகளில் ஒட்டிப் பளபளத்ததும் இறக்கி விடலாம்.

இருபது நிமிடம். சோறு இன்னும் புழுங்கிக்கொண்டு இருக்கும்.

சைவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜாவாவிலும் மலேசியாவிலும் பல சமையல்காரர்கள் இதில் இறால் கூனிச் சாந்து சேர்ப்பது உண்டு. ஜாவாவில் அதற்குத் 'தெராசி' என்று பெயர். மலேசியாவில் 'பெலாச்சான்' என்கிறார்கள். கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. "வெறும் தெம்பேதானே" என்று நம்பி ஏமாறக் கூடாது.

ஏன் இந்தப் பழிப்பு?

இவ்வளவு நல்ல பொருளுக்கு அதன் சொந்த நாட்டிலேயே ஒரு கெட்ட பெயர் இருந்தது.

இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்ணோ பெரிய பேச்சாளர். நாம் தெம்பே தேசமாக இருக்கக் கூடாது என்ற கருத்தில் அவர் மேடையில் பேசினார். தெம்பே என்றால் மலிவு, மென்மை, உறுதி இல்லாதது என்று பொருள். காலில் மிதித்துத் தோல் நீக்கிய பயறுதானே என்ற இளக்காரமும் அதில் உண்டு. "தெம்பே மனம்" என்று சொன்னால் கோழை மனம் என்று அர்த்தம்!

சுகர்ணோ தம் நாட்டு மக்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தார். அது சரி. அதற்காக மக்கள் தின்னும் சோற்றுக் கறியைக் கேலி செய்தது சரியா?

சரி அல்ல.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரகர்த்தா அரண்மனையில் எழுதப்பட்ட 'செரத் செந்தினி' என்ற ஜாவா நூலிலேயே தெம்பேயின் பெயர் வருகிறது. அரண்மனை ஏட்டில் ஏறிய உணவு எப்படிக் கேவலம் ஆகும்?

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜாவா ஜப்பானியர் பிடியில் இருந்தது. வெள்ளைக்காரர்களைக் கைதி முகாம்களில் அடைத்தார்கள். சோறு குறைவு. வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. முழுச் சோயா மொச்சையைத் தின்ற கைதிகளுக்குச் செரிக்கவில்லை. அதே மொச்சையைத் தெம்பே ஆக்கிக் கொடுத்தபோது, நோயாளிகளின் வயிறும் ஏற்றது. பூசணம் முன்கூட்டியே பாதி ஜீரண வேலையைச் செய்து விடுகிறது என்பதுதான் இரகசியம். போருக்குப் பிறகு விஞ்ஞானிகள் இதை ஏட்டில் எழுதினார்கள். 1960-களில் அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களில் தெம்பே செய்து பார்த்தார்கள். 1979-ல் அமெரிக்காவில் தெம்பேக்கு என்றே ஒரு தடித்த புத்தகம் வெளிவந்தது.

நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பும் சோறுமாகச் சாப்பிடும் வீட்டுக்கு இது பெரிய பலம். ஆனால் இதற்கு மேல் அளந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கறி, முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கு வேண்டிய பி-12 வைட்டமின் தெம்பேயிலேயே கிடைத்து விடும் என்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். சில தெம்பேயில் வேறு கிருமிகள் சேர்வதால் அது கொஞ்சம் இருக்கலாம். பலவற்றில் இருக்காது. அந்த வைட்டமினுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெம்பேக்கு இறைச்சி வேஷம் போட்டு விற்பதும் தேவை இல்லாத வேலை. இது கோழி மாதிரி இருக்கிறது, பன்றி மாதிரி இருக்கிறது என்று மேல்நாட்டுக் கடைகளில் சீட்டு ஒட்டுகிறார்கள். சாப்பிட்டவன் அந்த ருசியைத் தேடுவான். ஏமாறுவான். "இது எனக்கு ஒத்து வராது" என்று போய்விடுவான். மலாங்கில் யாரும் தெம்பேயில் கோழியைத் தேடுவது இல்லை.

உயிரைக் குடித்த தெம்பே!

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்கக் கூடாது.

நடு ஜாவாவில் பாஞுமாஸ் வட்டாரத்தில் சோயா வாங்க முடியாத பரம ஏழைகள், எண்ணெய் எடுத்த தேங்காய்ப் பிண்ணாக்கில் ஒரு வகைத் தெம்பே செய்தார்கள். அதற்குப் பெயர் 'போங்கிரேக்'. தேங்காய்ச் சக்கையில் ஒரு பாக்டீரியாக் கிருமி புகுந்து விட்டால், அது கொடிய விஷத்தைக் கக்குகிறது. வேக வைத்தாலும் வறுத்தாலும் விஷம் போகாது. குடும்பம் குடும்பமாக மாண்டு இருக்கிறார்கள். 1930-களிலேயே விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்து விட்டார்கள். அரசாங்கம் தடை போட்டது 1988-ல்தான்!

இத்தனை ஆண்டுகள் மக்கள் ஏன் அதையே தின்றார்கள்? அறியாமை மட்டுந்தானா? அல்ல. பிண்ணாக்கு மலிவு. சோயா விலை எட்டவில்லை. பசித்தவனிடம் "தின்னாதே" என்று சொன்னால் போதாது, தின்ன வேறு ஒன்று கொடுக்க வேண்டும். சோயாவில் செய்யும் தெம்பே வேறு, அந்தத் தேங்காய்த் தெம்பே வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் தேங்காய்ச் சக்கையைப் போட்டுச் சோதனை செய்து பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

மெலிந்த கட்டி

இன்றைய கவலை வேறு.

ஜாவாக்காரரின் தெம்பே ஜாவாவின் சோயாவில் செய்தது என்று நினைப்பீர்கள். இல்லை! இந்தோனேசியாவுக்கு வேண்டிய சோயாவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அதிலும் அதிகம் வருவது அமெரிக்காவில் இருந்து. அமெரிக்காவில் மழை பொய்த்தாலும், சீனா அதிகமாகக் கொள்முதல் செய்தாலும், மலாங் பெண்ணின் வாழை இலைப் பொதிக்கு விலை ஏறுகிறது.

2008-ம் ஆண்டு ஜனவரியில் தெம்பேயும் தோஃபுவும் செய்கிறவர்கள் ஜகார்த்தாவில் ஜனாதிபதி மாளிகை முன் திரண்டார்கள். 2021-ல் வேலை நிறுத்தம் நடந்தது. 2022 பிப்ரவரியில் மறுபடியும் மூன்று நாள் வேலை நிறுத்தம். சந்தையில் தெம்பே இல்லை!

விலை ஏறும்போது தெம்பே செய்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? விலையைக் கூட்டினால் வாங்குகிறவள் முகம் சுளிப்பாள். அதனால் கட்டியை மெலிதாக்கி விடுகிறார். 2018-ல் தேர்தல் நேரத்தில், துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட சாண்டியாகா உனோ, தெம்பே இப்போது ஏ.டி.எம். அட்டை போல மெலிந்து விட்டது என்றார். நாடே அதைப் பற்றிப் பேசியது. மிகையாகச் சொல்கிறார் என்று சிலர் சிரித்தார்கள். அடுக்களையில் நிற்கும் பெண்கள் சிரித்து இருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி என்ன? நடு ஜாவாவில் குரோபோகன் பக்கம் நல்ல சோயா விளைகிறது. உழவனுக்குக் கட்டுபடியான விலை கொடுத்தால் இன்னும் விளைவிப்பான். நெல்லும் சோளமும் அதிக லாபம் தரும்போது, அவனை மட்டும் "தேசத்துக்காகச் சோயா போடு" என்றால் எப்படிப் போடுவான்? தெம்பேயைத் தேசியப் பெருமை என்று பேசுகிற அரசாங்கம், அந்தப் பெருமையின் விலையை உழவன் கையில் கொடுக்க வேண்டும்.

யார் சமைப்பது?

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

ஆலையில் நின்று வந்தவள்தான் இந்தச் சட்டியையும் பிடிக்க வேண்டுமா? வெட்டவும் வறுக்கவும் புரட்டவும் இருபது நிமிடம். உரலும் இல்லை, அம்மியும் இல்லை. தேங்காய் துருவ வேண்டியதும் இல்லை. பத்திரிகை விரித்துக்கொண்டு காத்து இருக்கும் கணவன் இதைச் செய்ய முடியாதா? ஜகார்த்தாவிலும் ஜோக்ஜாவிலும் தெருவோர வண்டிகளில் தெம்பே வறுத்துக்கொண்டு நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள். வண்டியில் வரும் கை, வீட்டில் மட்டும் வராமல் போவது ஏன்?

கிள்ளான் வீட்டு மருமகளுக்கும் இதே கேள்விதான். மகன் சட்டியைப் பிடித்தால் தஞ்சாவூர் அத்தைக்குப் பூசணத்தை விட அது பெரிய அதிர்ச்சியாக இருக்கும்!

மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பொரித்துப் புரட்டியது மறுநாள் காலை பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஆகும். காய் சேர்க்காமல், தீக்குச்சி போல நறுக்கி, மொறுமொறு என்று வறுத்து, வெல்லமும் மிளகாயும் போட்டுப் பிரட்டி வைத்தால் சில நாட்கள் தாங்கும். வெட்டாத பாதிக் கட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் பூசணம் வேலையை நிறுத்தாது. கட்டி பழுக்கும், மணம் கூடும்.

கெதிரி ஊர்க்காரர்கள் அப்படிப் பழுத்த தெம்பேயையும் வீணாக்குவது இல்லை. அதை நசுக்கி, தேங்காய்ப் பாலும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சி, காலைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.